அறுபது போத்தல் ரோஜாக் கஸ்தூரி: ஏழு கிழமையும் 22,400 ரூபாயும் போன விதம்

ஆனி மாதத் தொடக்கத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு 60 ரோல் ஓன் போத்தல் (வாயில் உருளும் உருண்டை வைத்த சின்னப் போத்தல்) வாசனைத் தைலம் செய்து தருவதாக ஒத்துக்கொண்டேன். போத்தலுக்கு 6 மில்லிலீற்றர், விலை 900 ரூபாய், மொத்தம் 54,000. அதில் 30,000 முற்பணமாகக் கைக்கு வந்தது. கலியாணம் ஆவணியில். வரும் பெண்களுக்குத் தாம்பூலப் பைக்குள் வைத்துக் கொடுப்பது திட்டம். மணமகளின் தாய் சொன்னது இவ்வளவுதான்: "ரோசாப்பூ மணக்க வேணும் பிள்ளை, ஆனால் சாமி மாலை மாதிரி இல்லை. பட்டுச் சீலை அலுமாரியைத் திறந்தால் ஒரு மணம் வருமே, அந்தக் கதகதப்பு வேணும்." கேட்டவுடன் மனதுக்குள் படம் வந்துவிட்டது. மேலே ரோஜா, அடியில் கஸ்தூரி, நடுவில் கொஞ்சம் சந்தனமும் சாம்பிராணியும். சவர்க்காரத்துக்கு எலுமிச்சம்புல்லும் கறுவாவும் சேர்த்துப் பழகிய கை, இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். சவர்க்காரம் ஒரு நிமிடத்தில் கழுவுப்பட்டுப் போய்விடும், வாசனைத் தைலம் எட்டு மணித்தியாலம் தோலிலேயே கிடக்கும். என்னை விழுத்தியது இந்த வித்தியாசம்தான். திருகோணமலையில் இதைக் கேட்டறிய ஆள் இல்லை, கேட்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அடுத்தவர் இதே குழியில் விழாமல் இருக்க எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதல் குழி ரோஜா. இணையத்தில் பார்த்து, "நூறு வீதம் சுத்தமான ரோஜா எண்ணெய்" என்று போட்டிருந்த 30 மில்லிலீற்றர் போத்தலை 4,800 ரூபாய்க்கு எடுப்பித்தேன். கூரியர் வர ஐந்து நாள். திறந்தால் மணம் நன்றாகத்தான் இருந்தது, ரோஸ் மில்க் மாதிரி. அந்த இனிப்பிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கணக்குப் போட்டிருந்தால் போதும். பல்கேரியாவின் கசன்லக் பள்ளத்தாக்கிலும் துருக்கியின் இஸ்பார்ட்டாவிலும் டமஸ்க் ரோஜாவை வைகாசி விடியற்காலையில் பறித்துக் காய்ச்சி வடிக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய மூன்றரை முதல் நாலாயிரம் கிலோ பூ. அதாவது ஒரு கிராமுக்கு நாலு கிலோவுக்குக் கிட்டப் பூ. அப்படிப்பட்ட பொருள் 30 மில்லிலீற்றர் 4,800 ரூபாய்க்கு வர வழியே இல்லை. ரோஜா ஓட்டோ என்று சொல்லும் அந்த அசல் எண்ணெய்க்குக் கடைசியில் நான் கொடுத்த விலை கிராமுக்கு 4,500 ரூபாய்.

வாங்கியதைச் சோதிக்க இரண்டு வழி இருக்கிறது, இரண்டுக்கும் செலவில்லை. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு ஒரு நாள் வையுங்கள். மறுநாளும் பலகாரம் வைத்த தாள் மாதிரி எண்ணெய்க் கறை தெளிவாக நின்றால் உள்ளே சமையல் எண்ணெயோ பரபினோ கலந்திருக்கிறது. ரோஜா ஓட்டோவிலும் கொஞ்சம் மெழுகு உண்டு, மெல்லிய அடையாளம் இருக்கலாம், ஆனால் தாள் ஊடுதெரியாது. அடுத்தது ஃபிரிட்ஜ். ரோஜா ஓட்டோ ஏறக்குறைய 20 பாகையைச் சுற்றி உறையத் தொடங்கும், ஊசி ஊசியாகப் பளிங்கு கட்டும், கைக்குள் பொத்திப் பிடித்தால் திரும்ப இளகும். என்னுடையது இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருந்தும் தண்ணீர் மாதிரியே ஓடியது. இந்தச் சோதனையில் தேறினாலும் முழுதாக நம்பவேண்டாம், மெழுகைச் சேர்த்துக் கள்ளத்தனம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தேறாவிட்டால் மட்டும் நிச்சயம்.

வீட்டுப் பன்னீர் ரோஜாவைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைக்கலாமே என்று அம்மா கேட்டார். வைத்துப் பார்த்தோம். இதழில் ஈரம் இருப்பதால் நாலாம் நாள் புளித்த புல் மணம், ஆறாம் நாள் பூஞ்சணம். பன்னீரை எண்ணெயில் ஊற்றலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள், ஊற்றினால் பிரிந்து நிற்கும், கலங்கும், பழுதாகும். ஆனால் அந்தப் பன்னீரில் ஒரு பாடம் இருக்கிறது. ரோஜாவின் இனிப்பான, மிருதுவான மணத்தைத் தருவது பீனைல் எதைல் அற்ககோல். அது தண்ணீரில் கரையும், அதனால் காய்ச்சி வடிக்கும்போது பெரும்பகுதி பன்னீரோடு போய்விடும், எண்ணெயில் மிகக் கொஞ்சமே மிஞ்சும். எண்ணெயில் நிற்பவை சிற்றோனெலோல், ஜெரானியோல், நெரோல் போன்ற மணப்பொருட்கள். அசல் ஓட்டோவை முதல்முதல் மணந்து பார்க்கிறவர் "இது ரோசாவே இல்லையே, தேனும் மிளகும் காய்ந்த புல்லும் மாதிரி இருக்கு" என்று சொல்வது இதனால்தான். பூவின் மணம் வேண்டுமென்றால் இரண்டையும் சேர்க்கவேண்டும். தொழிலில் உள்ளவர்கள் ரோஜாவைத் தனித்தனிச் சாமானாக வாங்கிக் கட்டுகிறார்கள், ஓட்டோவை உயிர் கொடுக்க மட்டும் துளி சேர்க்கிறார்கள். அதை ஏமாற்று என்று நான் நினைத்திருந்தேன். இப்போது அந்த எண்ணம் இல்லை.

இரண்டாவது குழி கஸ்தூரி, காசையும் மானத்தையும் கூடுதலாகத் தின்றது அதுதான். அத்தர் கடைக்குப் போய் வெள்ளைக் கஸ்தூரி கேட்டேன். கடை நானா நேர்மையான மனிதர். ரோஸ் அத்தரையும் எடுத்துக் காட்டி, "இது அசல் இல்லை மகள், இந்த விலைக்கு அசல் வராது" என்று அவரே சொன்னார். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செப்புப் பானையில் பூவையும் தண்ணீரையும் போட்டுக் காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவதுதான் பழைய ரோஜா அத்தர். கலியாண வீட்டுக்காரர் கேட்ட கதகதப்பு உண்மையில் அதில் இருக்கிறது, ஏனென்றால் அடியில் சந்தனம். சந்தன எண்ணெய் விலையேறிய பிறகு பலர் திரவப் பரபின் போன்ற மலிவான அடிக்கு மாறிவிட்டார்கள். சரி, கஸ்தூரிக்கு வருவோம். நானா தந்த சின்னப் போத்தலைத் திறந்து மணந்தேன். எதுவும் இல்லை. தேன் மாதிரித் தடித்த, நிறமில்லாத எண்ணெய், மணமே இல்லை. மெல்லிய சாமான் போல என்று நினைத்துக் கலவையில் கூட்டினேன். நூற்றுக்கு பத்து, இருபது, கடைசியில் நாற்பது. ரோஜா எங்கேயோ ஒளிந்துகொண்டது, அதற்கும் என் மூக்கில் விடை இல்லை. இரண்டு நாள் கழித்து மச்சாள் வந்து வாசல்படியிலேயே நின்று கேட்டாள்: "என்ன, சவர்க்காரத் தூள் கொட்டிப்போட்டியோ?" அவளுக்கு வீடு முழுக்க உடுப்புத் தோய்க்கிற தூள் மணம், எனக்கு ஒன்றுமே இல்லை. வெட்கத்தில் அன்று இரவு நித்திரை வரவில்லை. அந்தக் கலவையோடு 9,500 ரூபாய் போனது.

காரணம் பிறகு விளங்கியது. கஸ்தூரி மணம் தரும் மூலக்கூறுகள் பெரியவை, பலருடைய மூக்கில் அவற்றில் ஏதோ ஒன்றைப் பிடிக்கும் ஏற்பி வேலை செய்யாமல் இருப்பது சாதாரணம். மற்ற மணம் எல்லாம் நன்றாகத் தெரியும், அந்த ஒன்று மட்டும் தெரியாது. எனக்கு அது கலக்சோலைட், நானா தந்த போத்தலில் இருந்த செயற்கைக் கஸ்தூரி. உடுப்புத் தூளில் அதைத்தான் அள்ளிப் போடுகிறார்கள், துணியில் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் மச்சாளுக்குத் துணி தோய்த்த நினைவு. ஆகவே கஸ்தூரி வாங்கும்போது ஒரே வகையை வாங்கி அதில் தொங்க வேண்டாம். இரண்டு மூன்று வகை கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். எதிலீன் பிராசிலேற்று என்ற வகை மாப்பவுடர் மாதிரி இனிப்பான மணம், எனக்கு நன்றாகத் தெரிகிறது. அம்பிரெற்றோலைட் என்ற வகை, கஸ்தூரி வெண்டை என்ற செடியின் விதையில் இருக்கும் மணம், பேரிக்காய்ச் சாயலோடு தோலில் ஒட்டும், ஆனால் விலை. ஒவ்வொன்றையும் பத்து வீதமாகக் கரைத்துத் தாள்துண்டில் தோய்த்து, நீங்களும் இன்னும் இரண்டு பேரும் பெயர் பார்க்காமல் மணந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத சாமானை எழுதி வைத்த அளவின்படியே சேர்க்கவேண்டும், மூக்கை நம்பிக் கூட்டக்கூடாது. இன்னொன்று: தெரிகிற கஸ்தூரிகூட இரண்டு மூன்று நிமிடத்தில் மூக்கைக் களைக்கவைக்கும். வெளியே போய் நில்லுங்கள், பத்து நிமிடம் கழித்து வாருங்கள். கோப்பிக்கொட்டை மணந்தால் மூக்குத் துலங்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, உங்கள் சொந்த முழங்கை மடிப்பை மணந்தாலே போதும்.

கஸ்தூரி என்றதும் பிரெட்ரிக் கோட்டை வாசலில் திரியும் மான்களைப் பார்த்து "இதிலிருந்துதானே எடுப்பது" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் அப்படிச் சொல்வது இரண்டு தரம் என் காதிலேயே விழுந்திருக்கிறது. அவை புள்ளிமான். கஸ்தூரி மான் இமயமலைப் பக்கத்தது, கொம்பே இல்லாத சின்ன விலங்கு, ஆணின் வயிற்றுப் பையில்தான் அந்தப் பொருள். கொன்று எடுத்தே அந்த இனம் அருகிப்போனதால் அதன் வணிகத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது. யாராவது "அசல் கஸ்தூரி" என்று மலிவாக நீட்டினால் பொய், மலிவில்லாமல் நீட்டினால் இன்னும் பெரிய சிக்கல். செயற்கைக் கஸ்தூரி புதிதும் அல்ல. அல்பேர்ட் பவுர் என்ற வேதியியலாளர் 1888இல் வெடிமருந்து ஆராய்ச்சிக்குள் தற்செயலாக ஒன்றைக் கண்டெடுத்தார். அசல் கஸ்தூரியின் மணப்பொருளான மஸ்கோன் எப்படி அமைந்திருக்கிறது என்று 1926இல் கண்டறிந்த ருசிச்கா என்ற வேதியியலாளர் 1939இல் நொபெல் பரிசு பெற்றார். கஸ்தூரி மஞ்சளுக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதான், உறவு இல்லை.

மூன்றாவது கலவையில் ஒரே தரத்தில் மூன்று பிழை செய்தேன். கதகதப்புக்குச் சாம்பிராணி வேண்டும் என்று பூசைக் கட்டியை இடித்து, சூடாக்கிய தேங்காய் எண்ணெயில் போட்டேன். சாம்பிராணிப் பிசின் அற்ககோலில் கரையும், எண்ணெயில் சரியாகக் கரையாது. பார்வைக்குத் தெளிந்தது மாதிரி இருந்ததை 24 போத்தலில் நிரப்பினேன். மூன்று நாளில் அடியில் மண் மாதிரிப் படிந்தது, அந்த மண் போய் போத்தல் வாயிலுள்ள உருண்டைக்கும் வளையத்துக்கும் இடையில் இறுகி, உருண்டை ஒன்றும் சுழலவில்லை. ஊசியால் கிளப்பி எடுத்துக் கழுவினாலும் பிசுபிசுப்புப் போகாது, அத்தனையும் குப்பைக்கு. சாம்பிராணி வேண்டுமென்றால் பென்சைல் பென்சோவேற்றில் கரைத்து விற்கும் பென்சோயின் பிசின் வாங்குங்கள் (சிரங்குக்கு ஆஸ்பத்திரியில் தரும் அதே பென்சைல் பென்சோவேற்றுத்தான்). டைபுரோப்பிலீன் கிளைக்கோல் என்ற கரைப்பானில் கரைத்ததை எண்ணெய்த் தைலத்துக்கு வாங்கவேண்டாம், அது எண்ணெயோடு கலக்காது, பால் மாதிரிக் கலங்கும். வனிலா மணம் தரும் வனிலினும் அப்படித்தான், தூளை நேரே எண்ணெயில் போட்டால் அடியில் கிடக்கும். முதலில் பீனைல் எதைல் அற்ககோலில் கரைத்துக்கொள்ளவேண்டும். வனிலின் நாளாக நாளாகத் தைலத்தை மஞ்சளாக்கி, பிறகு தவிட்டு நிறமாக்கும். மணம் கெட்டதாக அர்த்தமில்லை, ஆனால் வெள்ளைத் துணியில் கறை நிற்கும்.

இரண்டாவது பிழை அடி எண்ணெய். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் தேங்காய் மணக்கும், ரோஜாவுக்குள் எந்த நேரமும் அது எட்டிப்பார்க்கும். எங்கள் வெக்கையில் சில மாதத்தில் சிக்கு மணமும் வரும். தலைக்கு நல்லது, இதற்குச் சரிவராது. பகுத்தெடுத்த தேங்காய் எண்ணெய் என்று ஒன்று விற்கிறார்கள், கப்ரிலிக் கப்ரிக் ட்ரைகிளிசரைட் என்று போத்தலில் போட்டிருக்கும். மணம் இல்லை, உறையாது, இலகுவில் சிக்கடிக்காது, பிசுபிசுப்பும் குறைவு.

மூன்றாவது பிழையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நம்முடைய கறுவாதானே என்று கறுவாப்பட்டை எண்ணெயை அரை வீதம் விட்டேன். மணம் அற்புதம். பூசிப் பார்த்த என் கையும் மச்சாளின் கழுத்தும் ஒரு மணித்தியாலத்தில் சிவந்து, அவளுக்கு இரவில் தடித்துக் கொப்புளம் மாதிரி எழும்பியது. கறுவாப்பட்டை எண்ணெயில் உள்ள சின்னமல்டிகைட்டு என்ற பொருள் தோலைக் கடுமையாக எரிக்கும், ஒவ்வாமையையும் பழக்கிவிடும். ஒருமுறை பழகிவிட்டால் பிறகு துளிக்கும் தோல் எழும்பும். தோலில் பூசும் பொருளில் அது மிகமிகக் கொஞ்சமாகவே இருக்கலாம், நான் விட்டது அதைவிட மிகக் கூட. அந்த எண்ணெயை இந்தத் தைலத்தில் தொடவே வேண்டாம் என்பது என் முடிவு. காரமான கதகதப்பு வேண்டுமென்றால் கராம்பு மொட்டு எண்ணெய், அதுவும் முடிந்த தைலத்தில் 0.1 வீதம், ரோஜாவோடு அருமையாகச் சேரும். எரிந்தால் தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள், எண்ணெய்த் தைலம் தண்ணீருக்குப் போகாது. வெறும் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் எடுத்து ஒற்றித் துடைத்து, பிறகு மெல்லிய சவர்க்காரத்தால் கழுவவேண்டும். மச்சாள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்தக் கலவையும் போத்தலுமாக 6,200 ரூபாய்.

இந்த இடத்தில், எண்ணெய் வேண்டாம், ஸ்பிரிட்டில் செய்து ஸ்பிரே போத்தலில் அடை என்று புத்தி சொன்னவர்கள் பலர். பார்மசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெயும் வேறு மணங்களும் சேர்ந்திருக்கும். கைக்குப் பூசும் சனிட்டைசரில் தண்ணீர் கூடுதல், வாசனை எண்ணெய் கலங்கிப் பிரியும். எங்கிருந்தென்று தெரியாத மலிவு ஸ்பிரிட்டில் மெதனோல் இருந்தால் கண்ணுக்கும் உயிருக்கும் ஆபத்து. நல்ல எதனோல் மதுவரிச் சட்டத்துக்குள் வருகிற பொருள், வீட்டில் வாங்கி அடுக்கும் சாமான் இல்லை. எண்ணெயோடு நில்லுங்கள்.

பிறகு தராசு. முதல் மூன்று தரமும் சொட்டுக் கணக்கில் செய்தேன், கொப்பியில் "ரோஜா 12, கஸ்தூரி 8" என்று எழுதியிருக்கிறேன். தேன் மாதிரித் தடித்த கஸ்தூரியின் ஒரு சொட்டும் தண்ணீர் மாதிரி ஓடும் ஜெரானியோலின் ஒரு சொட்டும் ஒரே எடை இல்லை. சொட்டுக்குழாய் மாறினாலும் சொட்டு மாறும். சின்னதாகச் செய்தபோது தற்செயலாக நன்றாக வந்த ஒன்றைப் பெரிதாக்க என்னால் முடியவேயில்லை. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, நகை நிறுக்கிற மாதிரியானது, வாங்காமல் தொடங்கவேண்டாம். ஆடியில் கச்சான் காற்று வீசும் மத்தியானத்தில் யன்னல் திறந்திருந்தால் 2.00 என்று நிற்கவேண்டியது 1.94க்கும் 2.07க்கும் இடையில் ஆடும். ஃபேனை நிற்பாட்டி, யன்னலைச் சாத்தி, நெற்றியில் துணி கட்டிக்கொண்டு நிறுத்தேன், இல்லாவிட்டால் வியர்வைச் சொட்டும் அளவில் சேரும். விடியற்காலை ஐந்து மணி இந்த வேலைக்கு நல்லது, காற்றும் இல்லை, மூக்கும் புதிது. அந்தத் தராசில் 0.1 கிராமுக்குக் கீழே வரும் எண்ணை நம்பாதீர்கள். அப்படிச் சின்ன அளவு வேண்டிய சாமானை முதலில் பத்து வீதமாகக் கரைத்து, பத்து மடங்கு நிறுங்கள்.

கடைசியில் சரிவந்த அளவு இது, எல்லாம் எடையில், நூறு பங்குக்கு. பீனைல் எதைல் அற்ககோல் 24.5, சிற்றோனெலோல் 12, ஜெரானியோல் 8, ஜெரேனிய எண்ணெய் 3, ரோஜா ஓட்டோ 2, ஒரு வீதமாகக் கரைத்த டமஸ்கெனோன் 1. இவ்வளவும் ரோஜா, ஏறக்குறைய பாதி. டமஸ்கெனோனைக் கண்டு ஏமாறவேண்டாம், அந்த ஒரு பங்குதான் பழுத்த பழத்தின் ஆழத்தைத் தருகிறது, இரண்டு பங்காக்கினால் பிளம்ஸ் ஜாம் மணக்கும். கஸ்தூரிக்கு எதிலீன் பிராசிலேற்று 18, ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேற்று என்ற கரைப்பானில் பாதிக்குப் பாதி கரைத்த கலக்சோலைட் 14. அடிக்கு சாண்டலோர் என்ற செயற்கைச் சந்தனம் 10, பென்சைல் பென்சோவேற்றில் பாதிக்குப் பாதி கரைத்த பென்சோயின் 5, பச்சோலி இலை எண்ணெய் 1.5, வனிலின் 0.5, கராம்பு மொட்டு எண்ணெய் 0.5. கூட்டினால் நூறு. அலுமாரி மணத்தைத் தருவது பச்சோலிதான், ஆனால் இரண்டு பங்கைத் தாண்டினால் பழைய அலுமாரி ஆகிவிடும். இந்தச் செறிவில் (எண்ணெய் சேராத மணக் கலவையில்) 20 பங்கு, பகுத்தெடுத்த தேங்காய் எண்ணெய் 80 பங்கு. என் 60 போத்தலுக்கும் சிந்துவதற்கும் சேர்த்து 350 கிராம் தேவை, ஆகவே செறிவு 70 கிராம், எண்ணெய் 280 கிராம். ஓட்டோ 1.4 கிராம் மட்டுமே.

முதலில் ஐந்து கிராம் செறிவு செய்து பாருங்கள், பிறகுதான் எழுபது. கண்ணாடிக் குவளையில் பீனைல் எதைல் அற்ககோலை நிறுத்து, வனிலினைப் போட்டு, குவளையைச் சுடுதண்ணீரில் இருத்திக் கலக்கினால் சில நிமிடத்தில் தெளியும். அது தெளிந்த பிறகு தடித்த சாமான்கள், கஸ்தூரியும் பென்சோயினும். பிறகு சந்தனம், அப்புறம் மெல்லிய ரோஜாச் சாமான்கள், கடைசியில் ஓட்டோ. ஓட்டோவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே ஊற்றவேண்டாம். பாதி உறைந்திருக்கும்போது திரவம் மட்டும் வரும், மெழுகுப் பாகம் போத்தலிலேயே நின்றுவிடும், அடுத்த முறை அதே போத்தலிலிருந்து வேறு மணம் வரும். உள்ளங்கையில் பொத்திப் பத்து நிமிடம் வைத்து, ஊசிப் பளிங்கு ஒன்றும் மிஞ்சாமல் இளகி, மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கியபின் எடுங்கள். கூடுதலாக விழுந்துவிட்டால் எடுக்க முடியாது, மற்ற எல்லாவற்றையும் அந்த விகிதத்துக்கு உயர்த்தவேண்டி வரும், அதனால் கடைசி அரைக் கிராமைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

செறிவை ஒரு கிழமை கறுத்தப் போத்தலில், இருட்டு அலுமாரியில் விட்டேன். முதல் நாள் கராம்பும் ஜெரேனியமும் தனித்தனியாகக் குத்தின, ஏழாம் நாள் ஒன்றாகிவிட்டன. பிறகு எண்ணெய் சேர்த்து இன்னும் இரண்டு கிழமை. அவசரத்தில் இந்த மூன்று கிழமையைக் குறைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். குறைத்தால் வாங்குகிறவர் மணப்பது முடியாத தைலத்தை. இடையில் ஏழு பெண்களின் முழங்கை மடிப்பில் ஒரு கோடு இழுத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டி, 48 மணித்தியாலம் வைத்துப் பார்த்தேன். ஒருவருக்கும் சிவக்கவில்லை. மச்சாள் எட்டாவது ஆளாக வரமாட்டேன் என்றுவிட்டாள், அது அவளுடைய உரிமை.

போத்தல் கண்ணாடியாகவும் உருண்டை உருக்காகவும் இருக்கவேண்டும். பிளாஸ்டிக் உருண்டையில் கீறல் விழும், மலிவுப் பிளாஸ்டிக் போத்தலை இந்தச் சாமான்கள் மங்கவைத்து இளக்கும். 6 மில்லிலீற்றர் போத்தலில் 5.5க்கு மேல் நிரப்பவேண்டாம். எங்கள் வெக்கையில் எண்ணெய் விரியும், இடம் இல்லாவிட்டால் உருண்டையைச் சுற்றிக் கசியும். நிரப்பியதும் ஒரு போத்தலைத் தலைகீழாகத் தாளில் நிறுத்தி, தகரக் கூரைக்குக் கீழே ஒரு பகல் வைத்துப் பாருங்கள். தாள் நனையாவிட்டால் மற்றதையும் அனுப்பலாம். நிரப்பிய திகதியைக் கட்டாயம் ஒட்டுங்கள். ஜெரானியோலும் சிற்றோனெலோலும் காற்றுப்பட்டுப் பழுதாகப் பழுதாகத் தோலை எரிக்கத் தொடங்கும், ஆகவே நான் ஆறு மாதம் என்று எழுதினேன்.

பூசிப் பார்ப்பதை ஏசி அறையில் செய்யாதீர்கள். அங்கே ரோஜா ஒரு மணித்தியாலம் நிற்கும், கஸ்தூரி அமைதியாக இருக்கும். மத்தியானம் ஒரு மணிக்கு டொக்யார்ட் வீதியில் பத்து நிமிடம் நடந்தால் வேறு தைலம் மாதிரி. ரோஜா இருபது நிமிடத்தில் பறந்துவிடும், கஸ்தூரி எழும்பி மூன்று அடி தூரத்துக்குப் போகும். அதனால்தான் கஸ்தூரியை மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினேன். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு கோடு, காதுக்குப் பின்னால் ஒரு கோடு, போதும். பட்டுச் சீலையின் பக்கம் கொண்டுபோகவேண்டாம், எண்ணெய்ப் பொட்டு விழுந்தால் தோய்க்கவும் முடியாது. முதலில் தைலம், ஐந்து நிமிடம் கழித்துச் சீலை. தலையில் மல்லிகை வைக்கிறவர் காதுக்குப் பின்னால் பூசாமல் கையோடு நிறுத்தினால் இரண்டும் சண்டை பிடிக்காது.

கணக்கு இப்படி முடிந்தது. பொய் ரோஜா 4,800, கஸ்தூரிக் கலவை 9,500, சாம்பிராணிக் கலவை 6,200, திரும்பத் திரும்பக் கூரியர் 1,900, வீணானது மொத்தம் 22,400. கடைசிச் சரியான கலவைக்குச் சாமானும் போத்தலுமாக 31,000. வந்த 54,000இல் ஏழு கிழமைக் கூலியாக என் கையில் நின்றது 600 ரூபாய். கலியாணம் முடிந்து நாலாம் நாள் மணமகளின் தாய் வந்து இன்னும் இருபது போத்தல் கேட்டார். 1,400 ரூபாய், ஆறு கிழமை என்றேன். "அதென்ன பிள்ளை, அறுபது போத்தலையே ஏழு கிழமையில் தந்தனீ" என்றவர் விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மிஞ்சிய அரைக் கிராம் ஓட்டோ ஃபிரிட்ஜில் பட்டர் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, "பாயாசத்துக்கு இல்லை" என்று ஒட்டி வைத்திருக்கிறேன். அம்மா ஒருமுறை கையில் எடுத்துவிட்டார்.